ரயரை வாசிக்கப் பழகுவோம்: பழைய மொறிஸ் மைனரின் முன்சில்லும் ஸ்ரியறிங்கும்

இவ்விதழின் தொழிற்பாடத்திற்கு மொறிஸ் மைனர் காரை எடுத்துக்கொள்கிறோம். அதன் எஞ்சினைப் பற்றி அல்ல. முன்சில்லுகள், அவற்றைத் திருப்பும் ஸ்ரியறிங், ரயர்கள் ஆகியவற்றைப் பற்றியே இங்கு படிக்கப்போகிறோம். “அது அப்புமார் ஓடின கார், அதில படிக்க என்ன கிடக்கு?” என்று எமது பயிலுநர் சிலர் கேட்டதுண்டு. படிக்க நிறைய உண்டு. மைனரில் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, ஒரு நூலையும் சோக்குக் கட்டியையும் கொண்டு அறியக்கூடியவற்றைக் கற்ற ஒருவர் எந்தக் காரின் முன்பகுதியையும் விளங்கிக்கொள்வார்.

1948ஆம் ஆண்டு இலண்டன் ஏர்ல்ஸ் கோட் கண்காட்சியில் இக்கார் முதன்முதலாகக் காட்டப்பட்டது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னாளில் மினி காரை உருவாக்கியவரும் இவரே. ஒக்ஸ்போட் நகரை அடுத்த கௌலியில் தொடங்கிய உற்பத்தி 1970களின் தொடக்கத்தில் நிறுத்தப்படும்வரை 16 இலட்சத்துக்கு மேற்பட்ட மைனர்கள் செய்யப்பட்டன. இலங்கையில் அது வைத்தியரின் காராகவும் ஆசிரியரின் காராகவும் வாடகைக் காராகவும் ஓடியது. எரிபொருளும் உதிரிப்பாகங்களும் வடக்கிற்கு வராது தடுக்கப்பட்டிருந்த 1990களில், சில சொட்டுப் பெற்றோல் விட்டுத் தொடக்கி மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்ட பழைய பிரித்தானியக் கார்களுள் மைனரும் ஒன்று. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரி வரை தனியார் கார்கள் நாட்டுக்குள் வராதிருந்த காலத்தில், கொட்டிலில் கிடந்த மைனர்களைத் தூசி தட்டி மறுபடி வீதிக்கு இறக்கியவர்கள் உண்டு.

அப்படி இறக்குபவர்கள் எஞ்சினைத் திருத்துகிறார்கள், பெயின்ற் அடிக்கிறார்கள், சீற் தைக்கிறார்கள். காரின் அடியில் குனிந்து பார்ப்பவர் குறைவு. எஞ்சின் பழுதானால் கார் வீட்டில் நிற்கும். அதனால் ஒருவருக்கும் உயிராபத்து இல்லை. முன்சில்லின் மூட்டுப் பழுதானாலோ கார் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓடிக்கொண்டேயிருக்கும்.

ரயர் தேடி வந்தவர்

சென்ற வருடம் மாரி தொடங்குவதற்குச் சற்று முன்னர், அறுபது வயது மதிக்கத்தக்க வாடகைக் கார்ச் சாரதி ஒருவர் எமது பயிற்சிப் பட்டறைக்கு வந்தார். “தம்பியவை, பதினாலு இஞ்சியில பழைய ரயர் ஒண்டு கிடக்குமோ?” என்று கேட்டார். அவரது மைனரில் இடப்பக்க முன்ரயர் ஆறு மாதத்தில் மூன்று மாற்றியாயிற்றாம். நகரத்தில் ஓரிடத்தில் இரண்டு தடவை சில்லு நேர்ப்படுத்தியும் குணமில்லையாம். சிறுநீரக நோயுள்ள ஓர் இளம் பெண்ணைக் கிழமைக்கு இரண்டு தடவை குருதிச் சுத்திகரிப்புக்கு ஆசுபத்திரிக்குக் கொண்டுசென்று வருவதே அவரது நிரந்தர ஹயர். போய்வர 60 கிலோமீற்றர். அந்த வருமானத்தில் பெரும்பகுதி ரயருக்கே போய்விட்டது.

நாம் ரயர் தேடிக் கொடுக்கவில்லை. கழற்றிய ரயரைக் கொண்டுவரும்படி கேட்டோம். ரயரை மாற்றியதும் பழையதை ஒட்டுக்கடையிலேயே விட்டுவிட்டு வருவது எமது வழக்கம். அது தவறு. காருக்கு என்ன வருத்தம் என்பதை முதலில் சொல்வது அந்த ரயர்தான்.

ரயரை வாசிப்பது எப்படி?

காற்றுக் குறைவாக ஓடிய ரயர் இரண்டு ஓரங்களிலும் தேயும். நடுப்பகுதி பூவோடு இருக்கும். காற்று மிகுதியானால் நடுப்பகுதி தேயும். இவ்விரண்டும் காருக்கு வந்த நோயல்ல, எமது கவனக்குறைவு. மைனர் 1000 காருக்குரிய 5.20-14 அளவான குறுக்கிழை ரயருக்கு முன்னே சதுர அங்குலத்திற்கு 22 இறாத்தலும், பாரம் ஏற்றும்போது பின்னே 24 இறாத்தலும் காற்று வேண்டும். சில்லுச் சூடேறும் முன், காலையிலே அளக்கவேண்டும். ரயரைக் காலால் உதைத்துப் பார்ப்பது அளவையாகாது.

ஒரே ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் சில்லு நேராக நிற்கவில்லை என்று கொள்ளலாம். மைனரின் முன்சில்லு மேற்பக்கம் ஒரு பாகை அளவு வெளியே சாய்ந்து நிற்கும்படி அமைக்கப்பட்டது. அது உட்பக்கம் சாய்ந்தால் ரயரின் உள் ஓரம் மொட்டையாகும். உள் ஓரம் நின்று பார்ப்பவர் கண்ணுக்குப் படாது. ஸ்ரியறிங்கை ஒரு பக்கம் முழுமையாகத் திருப்பிவிட்டு, முழந்தாளிட்டுப் பாருங்கள். வெளியே நல்ல பூவும் உள்ளே நூல் தெரியும் மொட்டையுமாக ஓடும் கார்களை நாம் அடிக்கடி காண்கிறோம்.

இன்னொரு தேய்வைக் கண்ணால் காண்பதிலும் கையால் அறிவது எளிது. உள்ளங்கையை ரயரின் பூவின்மேல் குறுக்காக, உள்ளிருந்து வெளியேயும் வெளியிலிருந்து உள்ளேயும் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறுதிசையில் அரம் போலவும் இருந்தால் சில்லுகள் ஒன்றுக்கொன்று நேராக ஓடவில்லை. முன்பக்கம் அளவுக்கு மிஞ்சி உள்ளே ஒடுங்கியிருந்தால், கை உள்ளிருந்து வெளியே போகும்போது அரம் தட்டும். வெளியே விரிந்திருந்தால் மறுபக்கமாகத் தட்டும். இந்தச் சோதனைக்குக் காசில்லை. ஆனால் கம்பி நூல் வெளிவந்த ரயரில் செய்யாதீர்கள், கை கிழியும்.

ரயரைச் சுற்றி இடையிடையே குழிகுழியாகத் தேய்ந்திருந்தால் சில்லுத் துள்ளித் துள்ளி ஓடியிருக்கிறது. ஷொக் அப்சோபர் ஓயில் வற்றியிருக்கும், அல்லது சில்லின் சமநிலை கெட்டிருக்கும்.

சாரதி கொண்டுவந்த ரயரில் இரண்டு எழுத்து இருந்தது. உள் ஓரம் முற்றாக மொட்டை. அதனோடு, மிஞ்சிய பூவில் உள்ளிருந்து வெளியே தடவினால் அரம். முதலாவது, சில்லு உட்பக்கம் சாய்ந்திருக்கிறது என்கிறது. இரண்டாவது, முன்பக்கம் அளவுக்கு மிஞ்சி ஒடுங்கியிருக்கிறது என்கிறது. என்ன நடந்தது என்பது அப்போதே எமக்கு ஓரளவு புலப்பட்டது. உள் ஓரம் தேய்வதைக் கண்டவர்கள், சில்லுகள் வெளியே விரிந்து ஓடுகின்றன என்று எண்ணி ஒடுக்கியிருக்கிறார்கள். அடுத்த ரயரும் தேய்ந்தபோது இன்னும் ஒடுக்கியிருக்கிறார்கள். சாய்ந்த சில்லை யாரும் தூக்கிப் பார்க்கவில்லை.

தூக்கிப் பார்த்தல்

காரை உயர்த்துவது பற்றி முதலில் ஒன்று சொல்லவேண்டும். மைனரோடு வந்த ஜக், காரின் பக்கவாட்டிலுள்ள துளையில் செருகித் தூக்குவது. அறுபது வருடக் காரில் அந்த இடம் துருப்பிடித்து உள்ளே வெறுமையாக இருக்கலாம். அதை நம்பவேண்டாம். சமதரையில் கியரில் விட்டு, கைப் பிறேக்கை இழுத்து, பின்சில்லுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, போத்தல் ஜக்கினால் தூக்குங்கள். தூக்கியபின் சட்டத்தின் கீழே தடித்த மரக்குற்றி கொடுக்கவேண்டும். பனங்குற்றி நல்லது. சீமெந்துக் கல் கூடாது. அது எச்சரிக்கை தராமல் நொறுங்கும். குற்றி கொடுக்காத காரின் கீழ் தலையை நீட்டும் பயிலுநரை நாம் அன்றைய வேலையிலிருந்து நிறுத்திவிடுவோம்.

சில்லு நிலத்திலிருந்து எழும்பியதும் அதன் மேலும் கீழும் இரு கைகளால் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் இன்னொருவரைப் பிறேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பிழை சில்லின் பெயரிங்கில். மைனரின் முன் பெயரிங் குண்டுப் பெயரிங். நட்டை இறுக்கி ஆட்டத்தை எடுக்க முடியாது, மாற்றத்தான் வேண்டும். பிறேக்கை மிதித்த பின்னும் ஆடினால் பிழை கிங்பின் மூட்டில்.

அடுத்து, சில்லின் முன்னும் பின்னும் பிடித்து ஆட்டுங்கள். இங்கே ஆட்டம் இருந்தால் ஸ்ரியறிங் இணைப்புகளைப் பார்க்கவேண்டும். ஒருவர் ஆட்ட மற்றவர் ரை றொட் முனையிலுள்ள பந்து மூட்டில் விரலை வைத்தால் தளர்வு விரலுக்குத் தெரியும். மைனரின் ஸ்ரியறிங், றக்கும் பினியனும் கொண்டது: பல்லு வெட்டிய நீண்ட தண்டொன்றை ஒரு சிறு பற்சில்லு இடமும் வலமும் தள்ளும். இதன் இரு அந்தங்களிலும் றப்பர் உறைக்குள்ளே இன்னும் இரு பந்து மூட்டுகள் உண்டு. உறையின்மேல் கைவைத்தே அவற்றின் தளர்வையும் அறியலாம். அதே நேரத்தில் றக்கைச் சட்டத்தோடு பிடிக்கும் கவ்விகளையும் பாருங்கள். அவை தளர்ந்தால் ஸ்ரியறிங்கைத் திருப்பும்போது சில்லுத் திரும்பு முன் றக் முழுவதும் பக்கவாட்டில் அசையும். இரண்டு போல்ற்றுகளை இறுக்கவேண்டிய இந்தப் பிழைக்காகப் புதிய றக் வாங்கியவரும் உண்டு.

சாரதியின் காரில் முன்பின் ஆட்டம் அதிகமில்லை. மேல்கீழ் ஆட்டம் இருந்தது. பிறேக்கை மிதித்தோம், ஆட்டம் நிற்கவில்லை.

புரியில் தொங்கும் சில்லு

இப்போது பாடத்தின் முக்கிய பகுதிக்கு வருகிறோம். முன்சில்லைத் தாங்கி நிற்பது நிமிர்ந்த ஓர் உருக்குத் தண்டு. வேறு கார்கள் பலவற்றில் இத்தண்டு வழுவழுப்பான புஷ்ஷுக்குள் சுழலும். மைனரில் தண்டின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் புரி வெட்டப்பட்டிருக்கிறது. போல்ற், நட்டுக்குள் நிற்பதுபோல, அது ட்றனியன் எனப்படும் இரண்டு கட்டைகளுக்குள் நிற்கிறது. ஸ்ரியறிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அந்தப் புரி சற்றே கழன்று சற்றே இறுகுகிறது.

காரின் பாரம் எங்கே போகிறது என்று பாருங்கள். மைனருக்கு முன்பக்கம் சுருள் வில் இல்லை. காரின் நீளத்துக்குக் கிடக்கும் முறுக்குக் கம்பியே வில்லின் வேலையைச் செய்கிறது. அது கீழ்க் கையையும் அதன் நுனியிலுள்ள கீழ் ட்றனியனையும் நிலத்தை நோக்கி அமுக்குகிறது. வீதியோ சில்லையும் தண்டையும் மேலே தள்ளுகிறது. எனவே கார் நிற்கும்போதும் ஓடும்போதும் தண்டு கீழ் ட்றனியனிலிருந்து இடைவிடாது பிடுங்கப்பட்டுக்கொண்டிருக்கிறது. அதைப் பிடித்திருப்பவை ஒரு சில புரிகள். அப்புரிகளைக் காப்பது கிறீஸ். கிறீஸ் போகாவிட்டால் மணலும் நீரும் போகும். புரி தேய்ந்து தேய்ந்து ஒருநாள் தண்டு உருவிக்கொண்டு வெளியே வரும். சில்லு வெளிப்பக்கம் மடிந்து, காரின் மூலை தரையில் குந்தும்.

இது பெரும்பாலும் மெதுவாக ஓடும்போது, ஸ்ரியறிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பும் இடத்தில் நிகழ்கிறது என்பது மைனர் வைத்திருப்போர் பலரின் அனுபவம். ஆனால் எப்போதும் அப்படித்தான் நடக்கும் என்று யாரும் எழுதித் தரமாட்டார்கள்.

இதை நாம் ஏட்டில் மட்டும் கற்கவில்லை. சில வருடங்களுக்கு முன் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், ஸ்ரியறிங் கனமாக இருக்கிறது, கிடங்கில் விழுந்தால் இடப்பக்கம் ‘டொக்’ என்கிறது என்று தமது மைனரை எம்மிடம் கொண்டுவந்தார். நாம் எல்லா நிப்பிளுக்கும் கிறீஸ் அடித்து, ரயரை மாறிப் பூட்டி அனுப்பிவைத்தோம். இரண்டு கிழமை கழித்து, ஆலய வளவுக்குள் காரைப் பின்னோக்கி எடுக்கும்போது இடப்பக்கச் சில்லு மடிந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. வளவு நிறையப் பிள்ளைகள். ஒருவருக்கும் காயமில்லை. கழற்றிப் பார்த்தபோது கீழ் நிப்பிளின் துளை காய்ந்த சேற்றினால் அடைபட்டிருந்தது. நாம் அடித்த கிறீஸ் நிப்பிளைச் சுற்றி வெளியே வழிந்திருக்கிறதே ஒழிய ஒரு துளியும் உள்ளே போகவில்லை. வழிந்ததைத் துணியால் துடைத்துவிட்டு, கிறீஸ் அடித்தாயிற்று என்று கொப்பியில் எழுதியிருந்தோம். ஆசிரியர் எம்மைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

ஆகவே இப்போது நாம் செய்யும் முறை இது. ஜக்கைச் சட்டத்தின் கீழ் வைத்தால் முறுக்குக் கம்பியின் இழுவை மூட்டின் தளர்வை மறைத்துவிடும். எனவே ஜக்கைக் கீழ்க் கையின் வெளிநுனிக்கு அண்மையில் வைத்துத் தூக்கி, பாதுகாப்புக்குச் சட்டத்தின் கீழ் குற்றியும் கொடுக்கிறோம். பின்னர் ரயரின் கீழே அலவாங்கைக் கொடுத்து மெதுவாக நெம்புகிறோம். இன்னொருவர் விளக்கைப் பிடித்துக் கீழ் ட்றனியனைப் பார்த்துக்கொண்டிருப்பார். சில்லும் தண்டும் மேலெழ, ட்றனியன் எழாமல் நின்றால் புரி தேய்ந்துவிட்டது. கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் அளவு அசைவு இருந்தால் அந்தக் கார் அவ்விடத்தைவிட்டு ஓடக்கூடாது.

சாரதியின் காரில் அசைவு நன்றாகவே தெரிந்தது. அவரையும் குனிந்து பார்க்கச் சொன்னோம். பார்த்தார். ஆயினும் அவருக்குக் கோபம் வந்தது.

“தம்பி, நாளைக்கு அந்தப் பிள்ளையைக் கொண்டுபோக வேணும். இண்டைக்கு ஓடிவந்த கார்தானே, நாளைக்கு ஓடாதோ?”

“ஓடும் அண்ணை. எவ்வளவு தூரம் ஓடும் எண்டுதான் எங்களுக்குத் தெரியாது.”

திறப்பை மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தார். மறுநாளும் அதற்கடுத்த தடவைகளிலும் நோயாளியை எமது நிலைய வானில் கொண்டுசென்றோம். அந்த ஹயர்க் காசு அவருக்கு இழப்புத்தான். உதிரிப்பாகம் கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்துசேர எட்டு நாட்கள் ஆயின. மைனருக்குரிய பாகங்கள் இலங்கையிலேயே செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட காலமும் உண்டு. இன்றும் தேடினால் கிடைக்கின்றன. தண்டையும் ட்றனியனையும் சேர்த்தே மாற்றவேண்டும்; தேய்ந்த புரியில் புதியதைப் பூட்டினால் புதியதும் விரைவில் கெடும். இடப்பக்கத்துக்கு உரியதும் வலப்பக்கத்துக்கு உரியதும் வேறுவேறு. பெட்டியைப் பிரிக்கும் முன்னரே அடையாளமிட்டுக்கொள்ளுங்கள்.

கிறீஸ் அடித்தல்

ஒவ்வொரு பக்கமும் மூன்று நிப்பிளைத் தேடுங்கள்: தண்டின் மேலே ஒன்று, கீழே ஒன்று, ரை றொட் முனையில் ஒன்று. பின்னாளில் மாற்றப்பட்ட ரை றொட் முனைகள் சிலவற்றில் நிப்பிள் இராது. எமது கிறவல் வீதிகளில் ஓடும் காருக்கு 1000 மைலுக்கு ஒரு தடவை, அதாவது 1600 கிலோமீற்றருக்கு ஒரு தடவை, கிறீஸ் அடிக்கவேண்டும் என்பது எமது முடிவு. மாரி வெள்ளத்தில் ஓடிய மறுநாளும் அடிக்கவேண்டும்.

சில்லை நிலத்திலிருந்து தூக்கிவிட்டு அடியுங்கள். பாரம் புரியை ஒரு பக்கம் அமுக்கியிருக்கும்போது கிறீஸ் வேலை செய்யும் முகத்துக்குப் போகாது. நிப்பிளைத் துடைத்து, ஊசியால் குத்தி வழியைப் பார்த்து, அடைப்பு இருந்தால் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவுங்கள். அடிக்கும்போது இன்னொருவர் ஸ்ரியறிங்கை இந்த அந்தத்திலிருந்து அந்த அந்தம்வரை திருப்பவேண்டும். மூட்டின் ஓரத்தில் பழைய கறுப்புக் கிறீஸ் வெளிவந்து, அதன்பின் புதியது வரும்வரை அடியுங்கள். கறுப்புக் கிறீஸ் வெளிவராதவரை நீங்கள் அடித்ததாகச் சொல்லமுடியாது.

ஒன்றை மறக்கவேண்டாம்: றக்கிற்குக் கிறீஸ் அல்ல, கியர் ஓயிலே வேண்டும். றப்பர் உறை கிழிந்திருந்தால் ஓயில் ஒழுகி, மண் உள்ளே போய், பல்லுகளைத் தின்றுவிடும். உறை சிறிய காசு. றக் பெரிய காசு.

நூலும் சோக்கும்

மூட்டுகள் யாவும் சரியென்று கண்டபின்னரே சில்லுகளை நேர்ப்படுத்தவேண்டும். தளர்ந்த மூட்டோடு நேர்ப்படுத்துவது, கால் உடைந்த மேசையில் தராசு வைப்பது போன்றது.

மைனரின் முன்சில்லுகள் முன்பக்கத்தில் பின்பக்கத்தைவிட 2.4 மில்லிமீற்றர் (ஓர் அங்குலத்தின் 32இல் 3 பங்கு) ஒடுங்கியிருக்கவேண்டும். இதை அளக்கப் பெரிய இயந்திரம் வேண்டியதில்லை. ஒவ்வொரு முன்சில்லையும் தூக்கி, பூவின் நடுவே சுற்றிவரச் சோக்குப் பூசி, அசையாமல் ஒரு கட்டையில் பிடித்த ஆணியைத் தொடவிட்டுச் சில்லைச் சுழற்றுங்கள். மெல்லிய கோடு ஒன்று விழும். காரை இறக்கி, இரண்டு பாகம் தூரம் நேராக முன்னே தள்ளுங்கள். பின்னே தள்ளிவிட்டு அளக்கக்கூடாது. பின்னர் அச்சின் உயரத்தில், முன்பக்கத்தில் கோட்டிலிருந்து கோட்டுக்கு அளந்து, அந்த இரு புள்ளிகளிலும் அடையாளமிடுங்கள். சில்லு அரைச்சுற்றுச் சுற்றி அந்த அடையாளங்கள் பின்பக்கம் வரும்வரை காரைத் தள்ளி மறுபடி அளவுங்கள். வித்தியாசமே விடை. இடைஞ்சலான பொருள் இல்லாத இடத்தில் நூலைப் பிடிக்கலாம். நீளாத நூலாக இருக்கவேண்டும். எமது பயிலுநர் நூலை விட்டுவிட்டு இரண்டு ஒல்லித் தடிகளை ஒன்றோடொன்று வழுக்கவிட்டு இறப்பர்ப் பட்டியால் கட்டி அளக்கிறார்கள். அது நூலைவிடத் திறம்.

திருத்தும்போது இரு பக்க ரை றொட்டையும் சம அளவில் திருப்புங்கள். ஒரு பக்கத்தை மட்டும் திருப்பினால் ஸ்ரியறிங் வளையம் கோணி நிற்கும்.

சாரதியின் காரில் இந்த ஒடுக்கம் 9 மில்லிமீற்றர் இருந்தது. ஒவ்வொரு சில்லுக்கும் 4.5. ரயரின் விட்டம் ஏறத்தாழ 600 மில்லிமீற்றர். கணக்குப் பார்த்தால், ஒரு கிலோமீற்றர் ஓடும்போது ஒவ்வொரு முன்ரயரும் 7.5 மீற்றர் பக்கவாட்டில் இழுபடவேண்டும். அவரது 60 கிலோமீற்றர்ப் பயணத்தில் 450 மீற்றர். இதில் ஒரு பங்கை றப்பர் வளைந்து தாங்கிக்கொண்டாலும் மிகுதி தேய்வாகவே போகும். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதியபோதுதான் அவர் முகத்தில் இருந்த கோபம் போனது. மூன்று ரயருக்குக் கொடுத்த காசைக் கூட்டிப் பார்த்துவிட்டு, தண்டும் ட்றனியனும் அதைவிட மலிவு என்று தாமே சொன்னார்.

வேறு முறைப்பாடுகள்

கார் ஒரு பக்கம் இழுக்கிறது என்று சொல்பவரிடம், எப்போது என்று கேளுங்கள். எமது வீதிகள் நீர் வடிய இடப்பக்கம் சரிந்தவை. கையை விட்டால் கார் சற்றே இடப்பக்கம் போவது நோயல்ல. எப்போதும் இழுத்தால், காற்றைச் சரிபார்த்தபின் முன்ரயர் இரண்டையும் இடம் வலம் மாற்றிப் பூட்டி ஓடிப்பாருங்கள். இழுவை பக்கம் மாறினால் குற்றம் ரயரில். மாறாவிட்டால், ஓடி நிறுத்தியதும் இரு முன்சில்லின் நடுப்பகுதியிலும் கையைக் கிட்டக் கொண்டுபோங்கள். ஒன்று மிகுதியாகச் சுட்டால் அந்தப் பக்கப் பிறேக் விடாமல் பிடிக்கிறது. பிறேக் மிதிக்கும்போது மட்டும் இழுத்தால், கீழ்க் கையை முன்பக்கச் சட்டத்தோடு பிணைக்கும் கம்பியின் றப்பர்களையும் பாருங்கள். வெயிலிலும் ஓயிலிலும் அவை வெடித்துப் போயிருக்கும். விலை குறைந்த சாமான். மாற்றியதும் கார் வேறு காராகிவிடும்.

ஒரு குறித்த வேகத்தில் மட்டும் ஸ்ரியறிங் நடுங்கி, வேகம் கூடினால் நின்றுவிட்டால் சில்லின் சமநிலைப் பிழை, அல்லது வளைந்த றிம். சில்லைத் தூக்கி, றிம்முக்குக் கிட்ட ஒரு தடியை அசையாமல் பிடித்துச் சுழற்றினால் வளைவு தெரியும். மெதுவாக ஓடும்போதே ஆடினால் தளர்ந்த மூட்டைத் தேடுங்கள்.

ஸ்ரியறிங் கனமாக இருந்து, வளைவு திரும்பியபின் தானாக நேருக்கு வராமல் நின்றால், காற்றுக்கு அடுத்தபடியாக ட்றனியனைச் சந்தேகியுங்கள். இரு சில்லையும் தூக்கித் திருப்புங்கள். அப்போதும் கனமாயின் ரை றொட் முனைகளைக் கழற்றிவிட்டு ஸ்ரியறிங் வளையத்தை மட்டும் திருப்புங்கள். வளையம் இலேசாகிவிட்டால் றக்கில் பிழையில்லை. தண்டு காய்ந்துபோய்க் கிடக்கிறது. அந்த ஆசிரியரின் காரில் நாம் இந்த ஒரு சோதனையைச் செய்திருந்தாலே போதும்.

ரயர் வாங்கும்போது

குறுக்கிழை ரயர் இப்போது எளிதில் கிடைப்பதில்லை. 145 அல்லது 155 அகலமும் 14 அங்குல றிம்மும் உள்ள றேடியல் ரயர் மைனருக்குப் பொருந்தும். ஆனால் ஒரே அச்சில் ஒரு பக்கம் குறுக்கிழையும் மறுபக்கம் றேடியலும் பூட்டவே கூடாது. இரண்டு றேடியல் வாங்கத்தான் வசதி உண்டென்றால் அவற்றைப் பின்னுக்குப் பூட்டுங்கள். புதியதை முன்னுக்குப் போடுவதே எம்மவர் வழக்கம். இங்கே அது ஆபத்து. பின்பக்கத்தில் பிடி குறைந்த கார், ஈர வீதியில் வால் சுழன்று திரும்பிவிடும்.

பூவை மட்டும் பார்த்துப் பழைய ரயர் வாங்காதீர்கள். ரயரின் பக்கவாட்டில் ‘டொட்’ என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் முடிவில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் கிழமையில் செய்யப்பட்டது. மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அது 2000ஆம் ஆண்டுக்கு முந்தியது. பூ எவ்வளவு இருந்தாலும் கிணற்றுக்கட்டில் போடத்தான் உதவும். கொட்டிலில் நின்ற காரின் ரயர் ஓடாமலே கெடும். பக்கச் சுவரை விரலால் மடித்துப் பார்த்தால் வெடிப்புத் தெரியும். உதிரிச் சில்லையும் இப்படிப் பார்க்க மறக்கவேண்டாம். மைனர்காரர் பலரின் உதிரிச் சில்லு, கார் வாங்கிய நாளிலிருந்து வெளியே எடுக்கப்படாதது.

சாரதியின் காருக்கு இருபக்கத் தண்டையும் ட்றனியனையும் மாற்றி, 2.4 மில்லிமீற்றருக்கு ஒடுக்கத்தைக் குறைத்து, ஓட்டமானி காட்டிய மைலையும் அதனோடு ஆயிரத்தைக் கூட்டி வந்த எண்ணையும் பொனற்றின் உட்பக்கத்தில் வெள்ளைப் பெயின்றினால் எழுதிக் கொடுத்தோம். அதன்பின் மூன்று தடவை கிறீஸ் அடிக்க வந்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் தாமே குனிந்து, கறுப்புக் கிறீஸ் வெளிவரும்வரை பார்த்துவிட்டுத்தான் எழும்புகிறார். இடப்பக்க ரயரில் பூ இன்னும் இருக்கிறது.